நிக் சேபனின் புகார்கள் எவ்வளவு தூரம் நியாயம்? அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் பணம், போர்ட்டல், ஒப்பந்தம்

கேள்வி இது: அலபாமாவின் நிக் சேபன் மாதிரியான மூத்த கோச்சுகள் கல்லூரி ஃபுட்பால் கெட்டுப்போய்விட்டது என்கிறார்கள். வீரர்களுக்குக் காசு கிடைப்பதில் இவர்களுக்கு என்ன வருத்தம்? சொல்வதில் உண்மை இருக்கிறதா, இல்லை பழைய ஆட்களின் புலம்பலா?

சேபன் சுட்டிக்காட்டும் கோளாறுகளில் பெரும்பாலானவை உண்மை. ஆனால் அவை பணத்தால் வந்தவை என்று நான் நினைக்கவில்லை. பணம் வந்துவிட்டது, அதோடு வந்திருக்க வேண்டிய ஒப்பந்தம் வரவில்லை. பல்கலைக்கழகங்கள் அதை வேண்டுமென்றே தள்ளிப்போட்டன. கீழே சொல்வதெல்லாம் இந்த இடத்துக்குத்தான் வந்து சேரும்.

முதலில் ஆளைப் பற்றி. இது ஹெல்மெட் போட்டு ஆடும் அமெரிக்க ஃபுட்பால். சேபன் ஏழு தேசியப் பட்டங்கள் வென்றவர்: 2003-ல் எல்.எஸ்.யு.வோடு (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) ஒன்று, 2009 முதல் 2020 வரை அலபாமாவோடு ஆறு. 2024 ஜனவரி 1 அன்று, தேசியப் பட்டத்துக்கான அரையிறுதியான ரோஸ் பௌலில் மிச்சிகனிடம் கூடுதல் நேரத்தில் 27-20 என்று தோற்றார். ஜனவரி 10 அன்று, 72 வயதில், ஓய்வை அறிவித்தார். இரண்டு மாதம் கழித்து ஈ.எஸ்.பி.என்.னுக்குக் கொடுத்த பேட்டியில் காரணங்களைச் சொன்னார். அன்றைய தோல்விக்குப் பிறகு சில வீரர்கள் ஹெல்மெட்டை வீசியது அவருக்குப் பிடிக்கவில்லை. அதைவிட முக்கியம் அடுத்து நடந்தது. வீரர்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசியபோது, பத்தில் ஏழெட்டுப் பேர் கேட்டது இரண்டே விஷயம்: அடுத்த வருடம் ஆடும் அணியில் எனக்கு இடம் உறுதியா, எவ்வளவு கொடுப்பீர்கள். அதே மாதம், மார்ச் 12 அன்று, செனட்டர் டெட் குரூஸ் வாஷிங்டனில் கூட்டிய கலந்துரையாடலில், ஐம்பது வருடம் தான் நம்பி வந்தது எதுவும் இப்போது கல்லூரி விளையாட்டில் இல்லை என்றார். 'நாம் ஏன் இதைச் செய்துகொண்டிருக்கிறோம்' என்று மனைவி டெர்ரி கேட்டதையும் அங்கே சொன்னார்.

பழைய ஏற்பாடு தெரியாமல் இந்த வருத்தம் புரியாது. வீரருக்குக் கல்விக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, புத்தகம். 2015-லிருந்து கைச்செலவுக்கு ஒரு சிறு தொகை. அதற்கு மேல் ஒரு டாலர் வாங்கினாலும் குற்றம். எஸ்.எம்.யு. பல்கலைக்கழகம் வீரர்களுக்கு ரகசியமாகப் பணம் கொடுத்ததற்காக, 1987 சீசன் முழுவதையும் என்.சி.ஏ.ஏ. (கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பு) ரத்து செய்தது, 1988-ல் கல்லூரி தானே ஆடாமல் விட்டது. அடிபட்ட அந்த அணி எழுந்து நிற்கப் பல வருடம் ஆயிற்று. (அதே எஸ்.எம்.யு. இப்போது ஏ.சி.சி. என்ற பெரிய கல்லூரிகளின் குழுவில் சேர்ந்து, 2024-ல் பிளே-ஆஃப் வரை வந்தது. அன்று ஒளித்துச் செய்ததை இன்று எல்லாக் கல்லூரிகளும் ரசீதோடு செய்கின்றன.) கல்லூரி மாறினால் ஒரு வருடம் வெளியே உட்கார வேண்டும். அதனால் யாரும் எளிதில் மாறமாட்டார்கள்.

கோச்சுகளுக்கு மட்டும் அந்தத் தடை கிடையாது. சேபனே 2004 சீசன் முடிந்ததும் எல்.எஸ்.யு.வை விட்டு, என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீகின் மயாமி டால்ஃபின்ஸுக்குப் போனார். 2006 டிசம்பரில், அலபாமா கோச்சாகப் போகப்போவதில்லை என்று நிருபர்களிடம் அடித்துச் சொன்னார். 2007 ஜனவரி முதல் வாரத்தில் அலபாமாவில் இருந்தார். கடைசி ஆண்டுகளில் அவருடைய சம்பளம் வருடத்துக்கு 1 கோடி டாலருக்கு மேல். அவர் சொல்வது தப்பு என்று இதனால் ஆகிவிடாது. ஆனால் 'விசுவாசம்' என்ற வார்த்தை வரும்போதெல்லாம் இந்தத் தேதிகளையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சுவர் இடிந்தது நீதிமன்றத்தில். முன்னாள் கூடைப்பந்து வீரர் எட் ஓ'பேனன் என்.சி.ஏ.ஏ. மேல் போட்ட வழக்கில் 2014-ல் நீதிபதி கிளாடியா வில்கன் முதல் விரிசலைப் போட்டார். 2019 செப்டம்பரில் கலிஃபோர்னியா, வீரர் தன் பெயர், உருவம், அடையாளம் ஆகியவற்றைக் காசாக்கலாம் என்று சட்டம் போட்டது, என்.ஐ.எல். என்று சொல்வது இதைத்தான். 2021 ஜூன் 21 அன்று ஆல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 9-0 என்று என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அந்த வழக்கின் விஷயம் கல்வி சார்ந்த சலுகைகள் மட்டும்தான். ஆனால் நீதிபதி கேவனாவின் தனிக்குறிப்பைப் படித்த எந்த வக்கீலுக்கும், அடுத்த தடை எதைக் கொண்டுபோனாலும் நிற்காது என்று புரிந்துவிட்டது. பயந்துபோன என்.சி.ஏ.ஏ. ஜூலை 1 முதல் ஒரு 'இடைக்காலக் கொள்கை'யோடு என்.ஐ.எல்.லைத் திறந்துவிட்டது. ஒரு தடவை கல்லூரி மாறினால் உட்கார வேண்டாம் என்ற விதியும் அதே ஆண்டு ஏப்ரலில்தான் வந்திருந்தது. இரண்டையும் தனித்தனியாகக் கொண்டுவந்திருந்தால் சமாளித்திருக்கலாம். சேர்ந்து வந்ததால் ஒவ்வொரு டிசம்பரும் ஏலமாகிவிட்டது.

அந்த ஏலத்தை நடத்தியவை 'கலெக்டிவ்' என்ற அமைப்புகள். கல்லூரியின் பணக்கார ரசிகர்கள், அதாவது பூஸ்டர்கள், பணத்தை ஒரு இடத்தில் சேர்த்து, 'விளம்பரம்' என்ற பெயரில் வீரருக்குக் கொடுப்பார்கள். கல்லூரி நேரடியாகக் கொடுக்கக் கூடாது என்பதால் இந்தச் சுற்றுவழி. இதில் என்ன கெடும் என்பதற்கு ஜேடன் ரஷாடா விவகாரம் போதும். ஃப்ளோரிடா கேட்டர்ஸோடு தொடர்புடைய ஒரு கலெக்டிவ் 1.385 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டதாகவும், பிறகு பின்வாங்கியதாகவும் அவர் 2024 மே மாதம் வழக்குத் தொடுத்தார். கோச் பில்லி நேப்பியரும் பிரதிவாதிகளில் ஒருவர். அதே வருடம் செப்டம்பரில் லாஸ் வேகஸின் யு.என்.எல்.வி. அணி முதல் மூன்று ஆட்டங்களையும் வென்ற நிலையில், வாக்களித்த பணம் வரவில்லை என்று அதன் குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) மேத்யூ ஸ்லூகா சீசன் நடுவே விலகினார். வாய்மொழி வாக்கு, கையெழுத்துப் போடுபவருக்கும் கல்லூரிக்கும் சட்டத் தொடர்பில்லாத காகிதம், அதைப் படித்துப் பார்க்கத் தகுதி உள்ளவரா என்று யாரும் சோதிக்காத ஏஜென்ட். என்.எஃப்.எல்.லில் ஏஜென்ட் வீரர் சங்கத்தில் பதிவு செய்ய வேண்டும், கமிஷன் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கல்லூரியில் அப்படி நாடு முழுவதுக்குமான பதிவும் இல்லை, உச்சவரம்பும் இல்லை.

2022 மே மாதம் சேபன் வெடித்தது இந்தக் கட்டத்தில்தான். டெக்சஸ் ஏ அண்ட் எம் தன் வீரர்களை எல்லாம் விலைக்கு வாங்கிவிட்டது என்றார். அங்கே கோச்சாக இருந்தவர் ஜிம்போ ஃபிஷர், ஒரு காலத்தில் சேபனுக்குக் கீழே வேலை செய்தவர். மறுநாளே பத்திரிகையாளர்களைக் கூட்டி வெளுத்து வாங்கினார். அடுத்த வருடம் நவம்பரில் ஃபிஷரை வீட்டுக்கு அனுப்ப அந்தக் கல்லூரி ஒத்துக்கொண்ட தொகை 7.5 கோடி டாலருக்கு மேல். கல்லூரி ஃபுட்பாலில் பணமே இல்லை என்று யாராவது சொன்னால் இந்த ஒரு எண்ணைச் சொல்லுங்கள்.

அடுத்து டிரான்ஸ்ஃபர் போர்ட்டல். பெயரைக் கேட்டால் பெரிதாகத் தோன்றும்; உண்மையில் அது ஒரு தரவுத்தளம், 2018 அக்டோபரில் தொடங்கியது. வீரர் தன் கல்லூரியின் விதிமுறை அலுவலகத்துக்கு எழுத்தில் சொல்ல வேண்டும். இரண்டு வேலை நாளுக்குள் அவர் பெயரை ஏற்ற வேண்டும். ஏறியதும் மற்றக் கல்லூரிகள் பேசலாம். ஏறினால், அந்தப் பருவம் முடிந்ததும் ஸ்காலர்ஷிப்பை நிறுத்திக்கொள்ளப் பழைய கல்லூரிக்கு உரிமை உண்டு என்பதைப் பல பையன்கள் யோசிப்பதில்லை. நட்சத்திரங்கள் எங்கே போனார்கள் என்றுதான் செய்தி வரும். போர்ட்டலில் ஏறி, எங்கும் இடம் கிடைக்காமல், படிப்பையும் இழந்தவர்கள் செய்தியாவதில்லை. 2023 டிசம்பரில் மேற்கு வர்ஜீனியாவில் ஒரு ஃபெடரல் நீதிமன்றம், இரண்டாவது மூன்றாவது தடவை மாறுபவர்களையும் உட்காரவைக்கக் கூடாது என்று தடையாணை போட்டது. 2024 ஏப்ரலில் என்.சி.ஏ.ஏ. தானே அந்த விதியை எடுத்துவிட்டது. படிப்பில் தேறியிருந்தால் வருடத்துக்கு ஒரு கல்லூரி என்று போகலாம்.

'படிப்பில் தேறியிருந்தால்' என்பதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. மூன்றாம் ஆண்டு தொடங்கும்போது பட்டத்துக்கான பாடங்களில் 40 சதவீதம், நான்காம் ஆண்டில் 60, ஐந்தாம் ஆண்டில் 80 முடித்திருக்க வேண்டும் என்பது என்.சி.ஏ.ஏ.வின் மேல்நிலைப் பிரிவான டிவிஷன் 1-ன் விதி. கல்லூரி மாறும்போது எல்லா கிரெடிட்டும் கூட வருவதில்லை. பொறியியல், வணிகப் படிப்புகளில் இருப்பவர் மாறினால், புதிய இடத்தில் கணக்குச் சரிவரும் ஏதாவது பொதுப் படிப்பில் தள்ளப்படுவார். மூன்று தடவை மாறியவர் கையில் பட்டம் இருந்தாலும் அது அவர் தொடங்கிய பட்டமாக இருக்காது. படிப்பைப் பற்றிச் சேபன் கவலைப்படுவதை வெறும் வாய்ப்பேச்சு என்று நான் தள்ளமாட்டேன்.

ஆனால் அவருடைய இன்னொரு வாதம், அதாவது 'வீரரை வளர்க்க நேரம் இல்லாமல் போயிற்று' என்பது, அவருக்கே சாதகமான வாதம். மேக் ஜோன்ஸ் 2017-ல் அலபாமா வந்தார். ஜேலன் ஹர்ட்ஸ், துவா டாகோவைலோவா இருவருக்கும் பின்னால் பொறுமையாக நின்றார். 2020-ல் முழு சீசன் ஆடிப் பட்டம் வென்றார். நல்ல கதைதான். ஆனால் அப்படி நின்றவர்களில் எத்தனை பேருக்கு முறை வந்தது? அப்போது ஒரு அணிக்கு அனுமதித்த 85 ஸ்காலர்ஷிப்பையும் நாட்டின் முதல்தர வீரர்களால் நிரப்பி, அவர்களில் பாதிப் பேரை ஓரத்தில் உட்காரவைக்க முடிந்தது, மாறினால் ஒரு வருடம் போய்விடும் என்ற பயத்தால்தான். அந்தப் பயம் போனதும் அலபாமாவின் மூன்றாம் வரிசை ஆட்கள் வேறு கல்லூரியில் முதல் வரிசை ஆனார்கள். இண்டியானா 2023-ல் 3 வெற்றி, 9 தோல்வி. கர்ட் சிக்னெட்டி ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்திலிருந்து தன் பழைய வீரர்கள் பலரோடு புதிய கோச்சாக வந்து சேர்ந்தார். 2024-ல் 11-2, பிளே-ஆஃப். பழைய விதியில் இதற்கு நான்கு வருடம் பிடித்திருக்கும், பெரும்பாலும் நடந்தே இருக்காது.

சேபன் ஓய்வு பெற்றவுடன் நடந்ததும் கவனிக்க வேண்டியது. கோச் போனால் வீரர்களுக்குத் தனியாக 30 நாள் போர்ட்டல் திறக்கும் என்பது அப்போதைய விதி. கேலப் டௌன்ஸ் ஒஹையோ ஸ்டேட் போனார். அடுத்த ஆண்டு அங்கே தேசியப் பட்டம் வென்றார். அலபாமாவில் சேர்ந்து சில வாரமே ஆகியிருந்த புதுக் குவார்ட்டர்பேக் ஜூலியன் சேயினும் அங்கேதான் போனார். ஒருவருடைய முடிவுக்காக ஒரு அணியே கலைந்துபோவது நல்ல ஏற்பாடு இல்லை. பிறகு இந்த ஜன்னலை 15 நாளாகக் குறைத்தார்கள்.

சேபன் உட்படப் பல கோச்சுகளின் உண்மையான எரிச்சல் நாள்காட்டி என்பது என் கணிப்பு. வெளியே இருப்பவர்களுக்கு இது தெரிவதில்லை. 2023-ஐ எடுங்கள். டிசம்பர் 2 சனிக்கிழமை ஜார்ஜியாவை வென்று எஸ்.இ.சி. பட்டம் (அலபாமா ஆடும் கல்லூரிக் குழு). திங்கள், டிசம்பர் 4, போர்ட்டல் திறப்பு. டிசம்பர் 20, பள்ளி மாணவர்கள் கையெழுத்திடும் நாள். ஜனவரி 1, அரையிறுதி. இந்த நான்கு வாரத்தில் கோச் தன் வீரர்களைத் தக்கவைக்க வேண்டும், வெளியே போகிறவருக்கு மாற்று தேட வேண்டும், பதினேழு வயதுப் பையன்களின் வீடுகளுக்குப் போக வேண்டும், மிச்சிகனுக்கு எதிராகத் திட்டம் போட வேண்டும், தன் உதவிக் கோச்சுகளை வேறு கல்லூரிகள் கொத்திக்கொண்டு போவதையும் பார்க்க வேண்டும். என்.எஃப்.எல்.லில் வீரர் சந்தை சீசன் முழுக்க முடிந்தபின் மார்ச்சில் திறக்கும், டிராஃப்ட் ஏப்ரலில். பாஸ்டன் காலேஜ் தலைமைக் கோச் பதவியை விட்டு ஜெஃப் ஹாஃப்லி கிரீன் பே பேக்கர்ஸில் தற்காப்பு ஒருங்கிணைப்பாளராகப் போனதும், யு.சி.எல்.ஏ. தலைமைக் கோச் சிப் கெல்லி ஒஹையோ ஸ்டேட்டில் உதவிக் கோச்சாகப் போனதும் 2024-ன் தொடக்கத்தில் சில வார இடைவெளியில் நடந்தவை. பதவியில் ஒரு படி இறங்கிப்போவது இந்தத் தொழிலில் லேசில் நடக்காது.

இப்போது, டிசம்பரைத் தவிர ஏப்ரலிலும் திறந்துகொண்டிருந்த போர்ட்டல் ஜன்னலை மூடிவிட்டு, 2026 முதல் ஜனவரி 2 முதல் 16 வரை ஒரே ஜன்னல் என்று வைத்திருக்கிறார்கள். முன்னேற்றம்தான், ஏப்ரலில் நடந்த மிரட்டல் பேரம் நின்றது. டென்னசி குவார்ட்டர்பேக் நிகோ யாமலியாவா 2025 ஏப்ரலில் பயிற்சிக்கு வராமல் இருந்து, அணியை விட்டு யு.சி.எல்.ஏ. போனது அந்தப் பழைய ஜன்னலில்தான். ஆனால் 2026 ஜனவரி 8, 9 தேதிகளில் பிளே-ஆஃப் அரையிறுதி. நான்கு அணிகள் ஆடிக்கொண்டிருக்கும்போதே சந்தையும் நடக்கிறது. ஜனவரியில் வகுப்பு தொடங்குவதற்குள் சேர்க்க வேண்டும் என்ற கட்டாயத்தால் இதைத் தள்ளிவைக்க முடிவதில்லை. கல்லூரி விளையாட்டாகவே இருக்கும்வரை இந்த முடிச்சு அவிழாது.

பணத்தின் இன்றைய நிலை: வீரர்கள் என்.சி.ஏ.ஏ. மேல் போட்ட ஹௌஸ் வழக்கின் சமரசத்துக்கு 2025 ஜூன் 6 அன்று அதே நீதிபதி வில்கன் ஒப்புதல் கொடுத்தார். பழைய வீரர்களுக்குப் பத்து வருடத்தில் சுமார் 280 கோடி டாலர் இழப்பீடு. 2025 ஜூலை 1 முதல் கல்லூரியே நேரடியாக வீரர்களுக்குக் கொடுக்கலாம். முதல் ஆண்டு உச்சவரம்பு ஒரு கல்லூரிக்குச் சுமார் 2.05 கோடி டாலர். ஸ்காலர்ஷிப் எண்ணிக்கை வரம்பு போய், ஃபுட்பால் அணியில் மொத்தம் 105 பேர் என்று வரம்பு வந்தது. பெரிய கல்லூரிகளில் பலவும் இழப்பீட்டுக் கணக்கையே அளவுகோலாக வைத்து, நான்கில் மூன்று பங்கை ஃபுட்பாலுக்கும், சுமார் 15 சதவீதத்தை ஆண்கள் கூடைப்பந்துக்கும், மீதியை மற்ற எல்லாவற்றுக்கும் ஒதுக்குகின்றன. ஃபுட்பாலுக்கு 1.54 கோடி என்று வைத்து 105-ஆல் வகுத்தால் தலைக்குச் சுமார் 1.47 லட்சம் டாலர் வரும். யாரும் அப்படிப் பிரிப்பதில்லை. குவார்ட்டர்பேக், அவருடைய பக்கம் காக்கும் டாக்கிள், எதிரணி குவார்ட்டர்பேக்கைத் துரத்தும் எட்ஜ் ரஷர் மூவரும் பெரும்பங்கை எடுத்துக்கொள்வார்கள். அணியின் கடைசி முப்பது பேருக்குப் படிப்புச் செலவு மிஞ்சினால் அதிர்ஷ்டம்.

கலெக்டிவ்களை அடக்க, 600 டாலர் முதல் எந்த வெளி ஒப்பந்தத்தையும் 'என்.ஐ.எல். கோ' என்ற தளத்தில் பதிய வேண்டும். டிலாய்ட் நிறுவனம் நடத்துகிறது. கொடுப்பவர் கல்லூரியோடு தொடர்புடையவரா, உண்மையான வியாபார நோக்கம் உண்டா, தொகை சந்தை விலைக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பார்கள். 2025 ஜூலையில் கலெக்டிவ் பணம் செல்லாது என்று புதிய விளையாட்டு ஆணையம் அறிவித்தது. வீரர்கள் தரப்பு வக்கீல்கள் எதிர்த்ததும் அதே மாத இறுதிக்குள் தளர்த்தியது. உச்சவரம்பு காகிதத்தில் எல்லோருக்கும் ஒன்றுதான். வெளிப் பணத்தை யார் சாமர்த்தியமாகக் கொண்டுவருகிறார்கள் என்பதில்தான் போட்டி இப்போதும் நடக்கிறது. சேபன் கேட்ட 'எல்லோருக்கும் ஒரே மைதானம்' இதில் வரவில்லை.

ஐ.பி.எல். பார்ப்பவர்களுக்கு ஒரு வரியில் சொல்வதென்றால், இங்கே பர்ஸ் வரம்பு வந்துவிட்டது, ஏலமும் இல்லை, ரிடென்ஷனும் இல்லை, வருடா வருடம் எல்லோரும் வெளியே.

கல்லூரிகள் இதைச் சமாளிக்க ஒப்பந்தத்தில் 'பைஅவுட்' எழுதுகின்றன: இரண்டு வருடத்துக்குக் கையெழுத்து, நடுவில் போனால் புதிய கல்லூரி இவ்வளவு கட்ட வேண்டும். ஆனால் அந்தக் காகிதத்தில் வீரர் ஊழியர் என்று இருக்காது. பெயர், உருவத்துக்கான உரிமம் என்று மட்டும் இருக்கும். ஊழியர் என்று எழுதினால் குறைந்தபட்ச ஊதியம், காயத்துக்கு இழப்பீடு, சங்கம் எல்லாம் பின்னால் வரும். உரிமம் என்று எழுதினால், போகிறவரை எதை வைத்துத் தடுப்பது? விஸ்கான்சினில் சேவியர் லூகாஸ் என்ற வீரரின் பெயரைப் போர்ட்டலில் ஏற்றக் கல்லூரி மறுத்தது. அவர் சாதாரண மாணவராக விலகி, 2025 ஜனவரியில் மயாமியில் சேர்ந்து, ஆடியும் விட்டார். விஸ்கான்சின் மயாமிமேல் வழக்குப் போட்டது, வீரர்மேல் போடவில்லை.

சேபனின் தீர்வுக்கு இப்போது வரலாம். வீரர்களுக்குப் பணம் கிடைப்பதை அவர் எதிர்ப்பதில்லை. கல்லூரி வருமானத்தில் பங்கு கொடுக்கலாம் என்பதே அவர் நிலை. ஊழியர் ஆக்குவதில் அவருக்கு விருப்பமில்லை. காங்கிரஸ் சட்டம் போட்டு நாடு முழுக்க ஒரே விதி வைக்க வேண்டும் என்கிறார். ஃபுட்பால் வருமானத்தில்தான் நீச்சல், தடகளம், பெண்கள் அணிகள் எல்லாம் ஓடுகின்றன என்பதும் அவருடைய வாதம்; மேலே சொன்ன பங்கீட்டைப் பார்த்தால் அந்தப் பயம் நியாயமானது. 2025 ஜூலையில் பிரதிநிதிகள் சபையில் வந்த ஸ்கோர் மசோதா இந்தப் பாதைதான்: ஏகபோகத் தடுப்புச் சட்டத்திலிருந்து பாதுகாப்பு, வீரர்கள் ஊழியர் அல்லர் என்ற உறுதி, மாநிலச் சட்டங்களுக்கு மேலான ஒரு சட்டம்.

இதில் எனக்கு உடன்பாடு இல்லை. என்.எஃப்.எல்.லில் சம்பள வரம்பும் மாற்றத் தடையும் நீதிமன்றத்தில் நிற்பதற்குக் காரணம், அவை சங்கத்தோடு பேசிக் கையெழுத்தானவை என்பது. எதிர்த்தரப்பு ஒத்துக்கொண்ட கட்டுப்பாடு செல்லும். ஒருதரப்பாகப் போட்டது ஏகபோகச் சதியாகப் பார்க்கப்படும். என்.சி.ஏ.ஏ. ஓ'பேனனில் தொடங்கித் தோற்றதும், ஹௌஸில் சமரசத்துக்கு வந்ததும் இந்த ஒரே காரணத்தால்தான். சங்கத்துக்கான முயற்சிகள் நடக்காமல் இல்லை. நார்த்வெஸ்டர்ன் ஃபுட்பால் வீரர்களின் மனுவை 2015-ல் தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் தன் அதிகாரத்தைச் செலுத்த மறுத்துத் தள்ளுபடி செய்தது. டார்ட்மத் கூடைப்பந்து அணி 2024 மார்ச்சில் 13-2 என்று சங்கத்துக்கு வாக்களித்தது. வருடக் கடைசியில், வாரியத்தில் கட்சிப் பெரும்பான்மை மாறப்போகிறது என்று தெரிந்ததும் மனுவைத் திரும்பப் பெற்றது. டெக்சஸ், ஃப்ளோரிடா போன்ற மாநிலங்களில் அரசுப் பல்கலைக்கழக ஊழியர் சங்கங்களுக்கு வேறு சட்டச் சிக்கல்கள். ஆகவே இது எளிய வழி என்று நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டு வருட ஒப்பந்தம், நடுவில் போனால் அபராதம், ஜூன் வரை சந்தை கிடையாது, காயம் பட்டாலும் பணம் நிற்காது: சேபன் கேட்கும் ஒழுங்கும் வீரர்கள் கேட்கும் பாதுகாப்பும் ஒரே மேசையில் பேரம் பேசினால் கிடைப்பவை. சேபனே 2023-ல், எல்லோருக்கும் ஒரே விதி என்றால் சங்கம் வைத்து என்.எஃப்.எல். மாதிரி ஆக்கினாலும் இப்போது இருப்பதைவிட மேல் என்ற பொருளில் பேசியிருக்கிறார். ஓய்வுக்குப் பிறகு அவர் அந்தப் பேச்சைப் பெரிதாக எடுக்கவில்லை.